அரை இன்ச்சுக்காரர் வீட்டு ஹைட்ரேஞ்சியா

அந்தத் தெருவில் அவருக்கு ‘அரை இன்ச்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. அது கரண்ட் பில்லில் மட்டும் பிழைத்துக்கிடந்தது. அவருடைய சலூன் நாற்காலியில் உட்கார்ந்து யார் எவ்வளவு குறைக்கச் சொன்னாலும், அதற்கு மேல் அரை இன்ச் எடுத்துவிடுவார். “கொஞ்சமா போதும்ணே” என்று கெஞ்சிய எத்தனையோ மாப்பிள்ளைகள், ஹீரோ மாதிரி வந்து உட்கார்ந்து பள்ளிக்கூடப் பையன் மாதிரி எழுந்து போயிருக்கிறார்கள். கேட்டால், “வெட்ட வெட்டத்தான்யா அடர்த்தியா வரும். அடுத்த மாசம் வந்து எனக்கு நன்றி சொல்லு” என்பார். ஆள் தங்கமான ஆள். கைதான் சும்மா இருக்காது.

சலூனுக்கு நடுவே ஒரு திரை. இந்தப் பக்கம் ஆண்களுக்கு அவர். அந்தப் பக்கம் பெண்களுக்கு அவர் மனைவி. நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு அவள் புருவம் திருத்தினால், அழுதுகொண்டு வந்தவள்கூடக் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவாள். அப்படிப்பட்டவள் ஒருநாள் வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் இடது புருவத்தில் பாதியைக் காணாமல் ஆக்கிவிட்டாள். அந்தப் பெண் போட்ட சத்தத்தில், இந்தப் பக்கம் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தவர் எழுந்து ஓடிவிட்டார். கொஞ்ச நாள் அதைச் சொல்லிச் சொல்லிப் புருஷனும் பெண்டாட்டியும் சிரித்தார்கள். பிறகு அவள் கதவு நிலையில் இடித்துக்கொண்டாள். பக்கத்தில் வைத்த தம்ளரைத் தட்டிவிட்டாள். அதற்கப்புறம் சிரிப்பு நின்றுபோனது.

கண் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. ஓரத்திலிருந்து இருட்டு உள்ளே வரும், நடுவில் தெரிவது மட்டும் கொஞ்ச காலம் தாங்கும், பிறகு அதுவும் மூடிக்கொள்ளும் என்றார். தள்ளிப்போடலாமே தவிர நிறுத்த முடியாது. ரெண்டு வருஷமாகலாம், மூணு வருஷமாகலாம்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே அவள் கேட்டாள்.

“என்னங்க, பின்னாடி ஒரு பூச்செடி வைக்கணும்.”

“வச்சாப் போச்சு. ரோஜா வாங்கிட்டு வரவா?”

“ரோஜா வேணாம். நான் தேடிக் கண்டுபிடிக்கறதுக்குள்ள கொட்டிப்போயிடும். வந்தா நின்னு நிதானமா இருக்கிற பூவாப் பாருங்க. நீலமா இருக்கணும். மத்த நிறமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு குழம்புது. நீலம் மட்டும்தான் எனக்கு இன்னும் நீலமாத் தெரியுது.”

அவர் சரி என்று தலையாட்டினார். தலையாட்டியது அவளுக்குத் தெரியவில்லை என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. “சரிம்மா” என்று வாயைத் திறந்து சொன்னார். வாழ்நாளில் அவள் எதையும் கேட்டு வாங்கிக்கொண்டவள் இல்லை. இந்த ஒன்றையாவது அவள் கண் மூடிக்கொள்வதற்குள் செய்துவிட வேண்டும் என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டார்.

ஊரின் மறுகோடியில் செடிகள் விற்கும் நர்சரிக்காரர் அவருடைய வாடிக்கையாளர்தான். சின்ன வயதுக்காரர். விஷயத்தைக் கேட்டதும் ஒரு வரிசைத் தொட்டிகளுக்கு முன்னால் கூட்டிப்போய் நிறுத்தினார்.

“அண்ணே, நீங்க சொல்றதுக்கு ஹைட்ரேஞ்சியாதான் சரி. ஒரு பூ வந்துச்சுன்னா மாசக்கணக்குல செடியிலேயே நிக்கும். பூன்னா ஒத்தப் பூ இல்ல, சின்னச் சின்னதா நூறு பூ சேர்ந்து ஒரு மனுசத் தலை அளவுக்கு வரும்.”

எல்லாம் வெறும் இலைச் செடிகளாகத்தான் இருந்தன. பூக்கும் பருவம் முடிந்திருந்தது. ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு படம் தொங்கியது. கூம்பு கூம்பாக வெள்ளைப் பூ ஒன்று. நடுவில் தட்டையாகவும் ஓரத்தில் மட்டும் இதழ் விரித்தும் ஒன்று. பந்து மாதிரி நீலமாக ஒன்று.

“இந்த வெள்ளை இருக்கு பாருங்க, இது அப்பாவி. எப்ப வேணா வெட்டலாம், எப்படி வேணா வெட்டலாம், பூத்துடும்” என்றார் நர்சரிக்காரர்.

“வெள்ளை வேணாம் தம்பி. அவளுக்கு நீலம்தான் தெரியுது.”

“அப்ப இந்தப் பந்துதான். மண்ணு புளிப்பா இருந்தா நீலம், சுண்ணாம்பு ஏறினா ரோஸ். உங்க கடையில சவரத்துக்கு அப்புறம் தேய்க்கிறீங்களே படிகாரம், அதையே கொஞ்சமாத் தண்ணியில கரைச்சு ஊத்துங்க, நீலம் வரும். காலை வெயில் போதும், உச்சி வெயில் ஆகாது. தண்ணி நெறைய கேக்கும். அப்புறம் இதுல வெட்டறது மட்டும் ஒரு—”

“தம்பி, வெட்டறதப் பத்தி எனக்கே பாடமா?”

நர்சரிக்காரர் சிரித்துவிட்டு அதோடு விட்டுவிட்டார். மாசத்துக்கு ஒருமுறை தன் கழுத்தில் கத்தி வைக்கிற மனுஷனோடு யார் வாக்குவாதம் செய்வார்கள்? அன்றைக்கு அந்தப் பிள்ளை இன்னும் ஒரே ஒரு வாக்கியம் பேசியிருந்தால் போதும். இவர் பேசவிடவில்லை.

சமையலறையின் பின்வாசல் படிக்கு நேரே, சுற்றுச்சுவரை ஒட்டிக் குழி வெட்டினார். படியில் உட்கார்ந்தால் செடி கைக்கெட்டும் தூரம். அவளை உட்காரவைத்து, தலையை இரண்டு கையாலும் பிடித்து, வாடிக்கையாளரைத் திருப்புகிற மாதிரி கொஞ்சம் இடது, கொஞ்சம் கீழே என்று திருப்பிச் செடியைக் காட்டிக்கொடுத்தார். அவள் பார்த்தாள். தினமும் பார்த்தாள். கடை மூடிவந்தால் படிகாரம் கரைப்பதும் தண்ணீர் ஊற்றுவதும் அவர் வேலை. செடி மளமளவென்று வளர்ந்தது, இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலத்துக்கு.

பனிக்காலம் வந்தது, இலை கொட்டியது. மிஞ்சியது குச்சி குச்சியாக, எண்ணெய் காணாத பரட்டைத் தலை. அவருக்குக் கை ஊறியது. ஒவ்வொரு குச்சியின் நுனியிலும் தடித்துப்போய் ஏதோ ஒன்று இருந்தது. முடி நுனி வெடித்திருப்பதைப் போல அதையும் நினைத்துக்கொண்டார். கத்தரியைக் கொண்டுவந்து நுனிகளையெல்லாம் எடுத்து, செடியை அழகாக உருண்டையாக்கினார். அவள் படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இந்தச் சத்தம் கேட்டாத்தாங்க வீடு வீடா இருக்கு. அரை இன்ச் அதிகமா எடுத்தீங்களா?”

“எடுக்காமலா? வெயில் வரட்டும், பாரு எப்படிக் குலுங்குதுன்னு.”

வெயில் வந்தது. செடி குலுங்கத்தான் செய்தது, வெறும் இலையாக. நர்சரிக்காரரைக் கேட்டார். செடி இன்னும் இளசு, ஒரு வருஷம் பொறுக்க வேண்டும் என்றார். சரி, பொறுப்போம்.

அவர் பொறுக்கலாம், அவள் கண் பொறுக்க வேண்டுமே. தினமும் காலையில் காபித் தம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து, “இன்னைக்கு என்ன தெரியுது?” என்று கேட்பார். முதலில் அது விளையாட்டாகத்தான் இருந்தது. “முழுசாத் தெரியுது. பெருசா ஒரு மாத்தமும் இல்ல, அதே மூஞ்சிதான்” என்பாள். கொஞ்ச நாளில், “காது ரெண்டும் போச்சு. நல்லதுதான், அதுல எப்பப் பாரு முடி” என்றாள். அடுத்து நெற்றி போயிற்று. அவளும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், அவரும் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கடைக்குப் போனதும் மட்டும், ஷட்டரைத் தூக்காமல் வாசல் படியில் உட்கார்ந்துவிடுவார்.

இரண்டாவது பனிக்காலத்தில் அவர் செடியை இன்னும் ஒட்ட வெட்டினார். போன வருஷம் தயவு தாட்சண்யம் பார்த்ததால்தான் பூக்கவில்லை என்று தோன்றியது. சத்து எல்லாம் அடியில் சேரட்டும், சேர்ந்து ஒரேயடியாய் வரட்டும். எருவும் கூடவே அள்ளிப் போட்டார். மறுபடியும் வெயில் வந்தது, மறுபடியும் இலை. செடி மட்டும் ஆளுயரத்துக்கு எழுந்து நின்று அவரைக் கேலி செய்தது.

“வந்துச்சா?” என்று அவள் கேட்பாள்.

“வரும், வரும்.”

அவள் பார்வையில் அப்போது அவருடைய மூக்கும் மீசையும்தான் மிச்சம். பயம் அவரைப் பிடித்து உலுக்கியது. ஒருநாள் கடையைப் பாதியில் சாத்திவிட்டு, பஸ் பிடித்துப் பெரிய பூக்கடை இருக்கும் ஊருக்குப் போய், வெட்டிய ஹைட்ரேஞ்சியா ஒன்று, நீலப் பூவாகப் பார்த்து வாங்கிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் மடியில் வைத்து, வெயில் படாமல் உடம்பால் மறைத்துக்கொண்டுதான் வந்தார். வந்துசேர்வதற்குள் அது ஈரத் துண்டு மாதிரி துவண்டு தொங்கிவிட்டது. அப்படியே அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

“இது செத்துப்போச்சுங்க.”

“தண்ணியில வச்சா நிமிர்ந்துடும்மா.”

“வேணாம். செத்ததப் பாக்கவா நான் கண்ண மிச்சம் வச்சிருக்கேன்? நம்ம செடியில வரட்டும். காலையில எந்திரிச்சா அது அங்க இருக்கணும், மறுநாளும் இருக்கணும்.”

அந்தப் பூவை அவர் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, அங்கேயே நின்று அழுதார். வாடிக்கையாளர் ஒருவர் பார்த்துவிட்டு, தூசியா அண்ணே என்று கேட்டார். ஆமாம், தூசிதான் என்றார்.

அதே வாரம் நர்சரிக்காரர் முடி வெட்ட வந்தார். கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டி, தண்ணீர் தெளித்து, பாதித் தலை முடிந்திருக்கும்போது பேச்சு செடிக்கு வந்தது.

“பூக்கலையா இன்னும்? பூத்திருக்கணுமேண்ணே. வெட்டினீங்களா?”

“வெட்டாமலா?”

“எப்ப?”

“எலையெல்லாம் கொட்டி முடிஞ்சதும். நுனியெல்லாம் சுத்தமா எடுத்துட்டேன்.”

கண்ணாடியில் நர்சரிக்காரரின் முகம் மாறியது.

“போச்சு. அண்ணே, அடுத்த வருஷப் பூவு அந்த நுனியிலதான் இருக்கும். பனிக்கு முன்னாடியே அது மொட்டுக் கட்டி உள்ள உக்காந்துக்கும். நீங்க எடுத்தது குச்சி இல்ல, பூ.”

“ரெண்டு வருஷமும் எடுத்தேனே தம்பி.”

“ரெண்டு வருஷப் பூவும் போச்சு.”

தலைக்கு மேல் திறந்தபடி நின்ற கத்தரியை அவரால் மூடவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை. அந்தத் தடித்த நுனிகள் ஒவ்வொன்றும் கண்ணுக்குள் வந்து நின்றன. தன் கையாலேயே பொறுக்கிப் பொறுக்கி எடுத்திருக்கிறார், அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தை ரசித்துக்கொண்டிருக்க. நர்சரிக்காரர் அன்றைக்குப் பாதித் தலையோடு கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு அவரே மெதுவாக, “மீதியையும் முடிச்சுடலாமாண்ணே?” என்று கேட்டார். முப்பது வருஷத்தில் முதல்முறையாக அரை இன்ச்சுக்காரர் ஒரு தலையை அரை இன்ச் நீளமாக விட்டு அனுப்பினார்.

வீட்டில் சொல்லவில்லை. சொல்லத்தான் போனார். அவள் சுவரைத் தடவிக்கொண்டு வந்து கதவைத் திறந்ததும் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். மறுநாள் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டார். மறுநாளும் அதேதான்.

மூன்றாவது பனிக்காலத்தில் அவர் செடியைத் தொடவில்லை. கத்தரியை வீட்டுக்கே கொண்டுவராமல் கடையில் பூட்டிவைத்தார். அவளுக்கு அது வித்தியாசமாகப் பட்டது.

“இந்த வருஷம் வெட்டலையா? சத்தத்தையே காணோம்.”

“கடையில கூட்டம், நேரமில்ல.”

அந்த வருஷம் பார்த்துப் பனியும் கொட்டியது. மொட்டு கருகிப்போனால் எல்லாம் முடிந்தது என்று நர்சரிக்காரர் சொல்லியிருந்தார். சாயங்காலமானால் கடையில் வாடிக்கையாளர்களின் கழுத்தில் கட்டும் துணிகளையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து செடிக்குப் போர்த்தினார். காலையில் எடுத்து உதறிக் கடைக்குக் கொண்டுபோனார். கழுத்தில் சில்லென்று ஈரத் துணி பட்டு வாடிக்கையாளர்கள் துள்ளினார்கள். பக்கத்து வீட்டு டீச்சர் சுவருக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட வந்தவர், “என்னங்க, செடிக்குச் சவரமா?” என்று கேட்டார். சிரிக்கிற நிலையில் அவர் இல்லை. படிகாரம் ஊற்றுவதையும் நிறுத்திவிட்டார். தன் கை பட்டது எதுவும் அந்தச் செடிக்கு ஆகாது என்ற பயம்.

வெயில் திரும்பியபோது பெரும்பாலான நுனிகள் கருகியிருந்தன. சுவரோரம் ஒரு குச்சி மட்டும் தப்பித்திருந்தது. அதில் இலைகளுக்கு நடுவே சின்னதாக, குட்டிக் கோஸ் மாதிரி, பச்சையாக ஒன்று திரண்டு வந்தது. அவர் உள்ளே ஓடிப்போய் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். தலையைப் பிடித்துத் திருப்பினார்.

“கொஞ்சம் குனி. இன்னும் கொஞ்சம். இப்ப?”

“பச்சைதாங்க தெரியுது. எலதானே?”

“இல்லம்மா, அதான் பூ. பச்சையாத்தான் வருமாம், அப்புறம்தான் நிறம் ஏறுமாம்.”

“அப்படியா! ஏறட்டும். இவ்வளவு நாள் இருந்துட்டேன், இன்னும் கொஞ்ச நாள் இருக்க மாட்டேனா?”

அந்த வாரமெல்லாம் காலையில் அவள் சொன்னது, “மீசையில பாதி.” பிறகு, “மீசை மாதிரி ஏதோ.” ஒருநாள் காலையில் அவர் தம்ளரைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து கேட்டபோது அவள் காபியை ஊதி ஊதிக் குடித்தாள். தம்ளரை நீட்டினாள், அவர் இருந்த பக்கத்துக்கு அல்ல, கொஞ்சம் தள்ளி. அவர் நகர்ந்து போய் வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து அவர் கேட்பதில்லை. அவள்தான் கேட்டாள்.

“நிறம் வந்துடுச்சா?”

“இன்னும் பச்சைதான்.”

அப்போதே வெளிறிப்போய் நிறம் ஏற ஆரம்பித்திருந்தது. அடுத்த வாரம் நன்றாகவே ஏறிவிட்டது. நீலமில்லை, ரோஸ். சுண்ணாம்பு அடித்த சுவரும் படிகாரம் இல்லாத மண்ணும் சேர்ந்து அப்படிக் கொண்டுவந்திருந்தன. பூ நாளுக்கு நாள் பெருத்து, நர்சரிக்காரர் சொன்னபடியே ஒரு தலை அளவுக்கு வந்து, குச்சி தாங்காமல் படிப்பக்கம் சாய்ந்தது. இப்படியொரு பூவை அவர் பார்த்ததில்லை.

தினமும் காலையில் கேள்வி, தினமும் பொய். பூ இருக்கிற வரைக்கும் கேள்வி இருக்கும். காற்றில் ஒடிந்து விழுந்துவிட்டது என்றால் ஒருநாள் அழுவாள். பூத்து நிற்கிறது என்றால் ஆயுசுக்கும் அழுவாள். இப்படி ஒரு கணக்கைப் போட்டு அதை நம்பவும் செய்தார். கடையிலிருந்து கத்தரியை எடுத்துவந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துப் பின்வாசலில் இறங்கி, பூவின் காம்பைக் கத்தரியின் இரண்டு அலகுக்கும் நடுவே வைத்தார். கை அழுத்தவில்லை. எத்தனையோ ஆயிரம் தலை பார்த்த கை அழுத்த மாட்டேன் என்றது.

“அக்கா!” என்று டீச்சர் சுவருக்கு மேலாகக் கூப்பிட்டார். அவர் பார்வை இவரைத் தாண்டிப் பின்வாசலுக்குப் போயிற்று. “எவ்வளவு பெரிய பூ அக்கா! ஒரு வாரமா உங்ககிட்டச் சொல்லணும்னே இருக்கேன். எங்க வீட்டுல எல்லாரும் வந்து பார்த்துட்டுப் போனாங்க.”

ஈரத் தலையோடு அவள் படியில் நின்றிருந்தாள். டீச்சருக்கு என்ன புரிந்ததோ, வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவள் சுவரைத் தொட்டுக்கொண்டு படி இறங்கினாள். கையை நீட்டினாள். பூ தட்டுப்பட்டதும் மற்றொரு கையும் வந்தது. குழந்தையின் தலையைத் துவட்டுகிற மாதிரி இரண்டு கையாலும் அதைச் சுற்றிச் சுற்றித் தடவினாள். முகத்தைக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். அந்தப் பூவில் வாசனைகூட இல்லை. பிறகு கை மெதுவாகக் காம்பு வழியே கீழே இறங்கியது. இறங்கி, இரும்பில் பட்டு நின்றது.

“இது என்ன?”

அவள் விரல் அலகின் மேல் ஊர்ந்தது.

“கத்தரியா?”

அவர் கத்தரியைக் காம்பிலிருந்து விலக்கினார்.

“பச்சைன்னீங்களே.”

அவ்வளவுதான், அவர் உடைந்துவிட்டார். “இந்த வருஷம் மட்டும் இல்லம்மா. போன வருஷமும் பூத்திருக்கும், அதுக்கு முந்தியும் பூத்திருக்கும். நுனியிலதான் பூ இருந்துச்சாம். எனக்குத் தெரியாது. நான்தான் வெட்டி வெட்டி எறிஞ்சேன். தெரிஞ்சப்புறம் உங்கிட்டச் சொல்ல வாய் வரல.”

அவள் நெற்றியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“போன வருஷம் எனக்குக் கண்ணு இருந்துச்சேங்க” என்றாள்.

அவர் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அவள் திட்டியிருக்கலாம், அறைந்திருக்கலாம். தேடி வந்து அவர் கையிலிருந்த கத்தரியைப் பிடுங்கிக்கொண்டாள், அவ்வளவுதான். படியில் போய் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். அழுகிறாளா என்று அவரால் பார்க்க முடியவில்லை. எழுந்து போய்ப் பார்க்கத் தைரியமும் இல்லை. இனி இந்த ஜன்மத்துக்கு அவள் தன்னோடு பேசப்போவதில்லை என்றே நினைத்துவிட்டார்.

வெயில் படிக்கு ஏறி வந்தது. அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

“என்ன நிறம்?”

நீலம் என்ற வார்த்தை அவர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? அவள் முகம் அவரைப் பார்க்காமல், ஆனால் அவரை நோக்கியே திரும்பியிருந்தது.

“ரோஸ்” என்றார்.

“நீலம் இல்லையா?”

“இல்லம்மா. ரோஸ்தான்.”

அவள் கொஞ்ச நேரம் கத்தரியின் வளையத்துக்குள் விரலை விட்டு எடுத்துக்கொண்டிருந்தாள்.

“அடுத்த வருஷம் நீலமா வரணும்.”

“உனக்குத்தான்...” என்று இழுத்தார்.

“எனக்குத் தெரியாதுதான். ஆனா இனிமே எதுன்னாலும் நீங்க சொல்றதத்தானே நான் நம்பணும்? நீங்க நீலம்னு சொல்றப்ப அது நீலமாத்தான் இருக்கணும்.”